நடுங்கும் இரும்பும் நடுக்கம் தீர்க்கும் வளையமும்

தேரின் அழகைக் கண்டு வியப்பவர் பலர். குனிந்து அதன் அச்சாணியைப் பார்ப்பவர் மிகச் சிலர். பழங்கால மோட்டார் வண்டிகள் அணிவகுக்கும் விழாக்களிலும் இதே நிலையைக் காணலாம். பளபளக்கும் பித்தளை விளக்குகள், நீண்ட முன்மூடி, தோல் இருக்கைகள் ஆகியவை கண்ணைக் கவர்கின்றன. ஆனால் அவ்வண்டி எழுபது எண்பது ஆண்டுகள் கடந்தும் உயிரோடு ஓடுவதற்குக் காரணமான உறுப்புகளுள் ஒன்று, எந்திரத்தின் முன்முனையில், விசிறிப் பட்டைக்குப் பின்னே, எண்ணெய்க் கறை படிந்து மறைந்து கிடக்கின்றது. பட்டறைகளில் அதனை ‘ஹார்மோனிக் பேலன்சர்’ என்பர். பார்வைக்கு அது வெறும் இரும்பு வளையமே. அது தேய்ந்து கெட்டால், கையளவு பருமனுள்ள எஃகுத் தண்டு ஒருநாள் எவ்வித எச்சரிக்கையுமின்றி இரண்டாக முறியும்.

இச்சிறு வளையம் தோன்றிய வரலாறு, மனிதன் தான் படைத்த பொறியின் நோயைத் தானே கண்டறிந்து மருந்து தேடிய வரலாறாகும். கப்பல் பட்டறையிலும் கார்த் தொழிற்சாலையிலும் வான்கலத்திலும் வளர்ந்த அவ்வரலாற்றில், பால்மரக் காட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

நடுக்கத்தின் இயல்பு

எந்திரத்தின் சிலிண்டருக்குள் எரிபொருள் வெடிக்கும்பொழுது பிஸ்டன் கீழ்நோக்கித் தள்ளப்படுகின்றது. இணைப்புத் தண்டு அத்தள்ளலைக் கிராங்க் ஷாஃப்ட் எனப்படும் வளைதண்டுக்குக் கொண்டுசெல்ல, மேலும் கீழுமான இயக்கம் சுழற்சியாக மாறுகின்றது. வெளியிலிருந்து காண்போருக்கு அத்தண்டு சீராகச் சுழல்வதாகவே தோன்றும். உண்மை அதுவன்று. ஒவ்வொரு வெடிப்பும் தண்டின் ஒரு பகுதியைச் சம்மட்டியால் அடித்தாற்போல் முன்னே தள்ளுகின்றது. பின்முனையிலுள்ள கனத்த ஃப்ளைவீல் தன் வேகத்தை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே தண்டு சற்றே முறுகுகின்றது. அடி ஓய்ந்ததும் முறுக்கவிழ்ந்து மறுபுறம் திரும்புகின்றது. சுழன்றுகொண்டே இவ்வாறு முன்னும் பின்னுமாய் நெளியும் நெளிவையே முறுக்கு அதிர்வு என்பர்.

முறுகும் அளவு மிகச் சிறிது. ஆயினும் ஆபத்து அளவில் இல்லை, தாளத்தில் உள்ளது. ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையை ஒரு விரலால் தள்ளினாலும், ஊஞ்சலின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால், சிறிது நேரத்தில் அது வானளாவ ஆடத் தொடங்கும். எஃகுத் தண்டுக்கும் அத்தகைய இயல்பான ஆட்டம் ஒன்று உண்டு. ஒரு தண்டின் இயல்பதிர்வு நொடிக்கு 150 முறை, அதாவது நிமிடத்துக்கு 9,000 முறை என்று கொள்வோம். நான்கு அடிப்பு முறையில் இயங்கும் ஆறு சிலிண்டர் எந்திரத்தில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்புகள் நிகழும். ஆகவே நிமிடத்துக்கு 3,000 சுற்று என்ற வேகத்தை எட்டும்பொழுது அடியின் தாளமும் தண்டின் தாளமும் ஒன்றாகிவிடும். இந்நிலையை இயற்பியலார் ஒத்ததிர்வு என்பர்.

வீணையின் ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அனுசுரங்களும் ஒலிப்பதுபோல, ஒவ்வொரு வெடிப்பின் தள்ளலுக்குள்ளும் இருமடங்கு மும்மடங்குத் தாளங்கள் கலந்திருக்கும். சுற்றுக்கு ஆறு துடிப்பு என்ற இருமடங்குத் தாளம் 1,500 சுற்றிலேயே அதே தண்டை நடுங்க வைக்கும். ‘ஹார்மோனிக்’ என்ற சொல் இசைக்கலையிலிருந்து எந்திரப் பட்டறைக்குள் நுழைந்தது இவ்வாறே.

நடுக்கம் எந்நாளும் தொடர்ந்தால் உலோகம் களைப்படைகின்றது. ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரயில் வண்டி அச்சுகளை ஆராய்ந்து, ஒருமுறை தாங்கும் சுமையைவிட மிகக் குறைந்த சுமையும் பல இலட்சம் முறை மாறி மாறி வந்தால் எஃகை முறிக்கும் என்று நிறுவினார். வளைதண்டுக்கு நேர்வதும் அதுவே. எண்ணெய்த் துளையின் ஓரத்திலோ மடிப்பின் மூலையிலோ மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். அது திருகுபோல் சாய்வாக வளரும். இறுதியில் ஒருநாள் தண்டு முறியும்.

ஆறு சிலிண்டரும் புதிய தொல்லையும்

தொடக்க காலக் கார்கள் ஒன்று, இரண்டு அல்லது நான்கு சிலிண்டர்களோடு ஓடின. அவற்றின் தண்டுகள் குட்டையானவை, வேகமும் குறைவு. ஆகையால் முறுக்கு அதிர்வு பெருந்தொல்லையாகத் தலைதூக்கவில்லை. ஆறு சிலிண்டரை வரிசையாக நிறுத்தினால் மேலும் கீழுமான அசைவுகள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். வண்டி வழுவழுப்பாக ஓடும் என்று பொறியாளர் அறிந்திருந்தனர். 1903-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நேப்பியர் நிறுவனம் ஆறு சிலிண்டர் காரை அறிவித்தது. அதனை விற்கும் பொறுப்பை ஏற்றிருந்தவர் எஸ். எஃப். எட்ஜ் என்னும் பந்தய வீரர்.

எதிர்பார்த்த வழுவழுப்பு ஒரு பக்கம் கிட்டியது. எதிர்பாராத இரைச்சல் மறுபக்கம் பிறந்தது. தண்டு நீண்டதால் அதன் விறைப்புக் குறைந்தது. இயல்பதிர்வு தாழ்ந்து, வண்டி வழக்கமாக ஓடும் வேகத்துக்குள்ளேயே வந்து நின்றது. குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் எந்திரம் கடகடவென்று ஒலித்தது. எட்ஜ் அவ்வொலியை ஒரு குறையாக ஒப்புக்கொள்ளாமல், அது ‘ஆற்றலின் கடகடப்பு’ என்று பெயரிட்டு நிறையாகவே காட்டினார். சொல்வன்மை வண்டியை விற்றிருக்கலாம். தண்டை அதனால் காக்க முடியவில்லை.

அக்காலத்திலேயே ஹென்றி ராய்ஸ் என்னும் மாமேதையும் இதே நோயோடு போராடினார். இரண்டிரண்டாக வார்க்கப்பட்ட சிலிண்டர்கள் மூன்று இணைகளை அடுத்தடுத்து நிறுத்தி, ரோல்ஸ்-ராய்ஸ் 30 குதிரைத்திறன் காரை அவர் உருவாக்கினார். அந்த வகையில் 37 வண்டிகளே செய்யப்பட்டன. வளைதண்டுகள் முறிந்தன. ராய்ஸ் குறையை மூடி மறைக்கவில்லை. சொல்லால் அலங்கரிக்கவும் இல்லை. எந்திரத்தையே முதலிலிருந்து மாற்றி வரைந்தார். மும்மூன்று சிலிண்டர்கள் கொண்ட இரு தொகுதிகளை அமைத்து, தண்டைப் பருமனாக்கி, ஏழு தாங்கிகளால் அதனைத் தாங்கச் செய்தார். 1906-ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் ஒலிம்பியாக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்த 40/50 வகையே பின்னர் ‘சில்வர் கோஸ்ட்’ என்று புகழ்பெற்றது. 1907-இல் அவ்வகை வண்டி ஒன்று ஏறத்தாழ 15,000 மைல் ஓடிச் சோதனையில் வென்றது.

தண்டைப் பருமனாக்குவது ஒரு வழி. தண்டின் முனையில் உராய்ந்து வழுக்கும் ஒரு சிறு சக்கரத்தைப் பொருத்தி நடுக்கத்தை விழுங்கச் செய்வது மற்றொரு வழி. ராய்ஸ் இரண்டாம் வழியையும் மேற்கொண்டார். வில்லின் அழுத்தத்தால் பிடித்துவைக்கப்பட்ட அச்சக்கரம் தண்டோடு சேர்ந்தே சுற்றும்; தண்டு நடுங்கும்பொழுது மட்டும் சற்று வழுக்கும். அவ்வழுக்கலின் உராய்வில் நடுக்கத்தின் ஆற்றல் வெப்பமாகிக் கரையும்.

கப்பலில் கிடைத்த அளவுகோல்

காருக்கு வந்த நோய் கப்பலுக்கு முன்னரே வந்திருந்தது. நீராவிக் கப்பல்களில் எந்திரத்துக்கும் பின்விசிறிக்கும் இடையே கிடக்கும் நெடுந்தண்டுகள், கணக்கின்படி போதிய வலிமை பெற்றிருந்தும் முறிந்தன. நடுக்கடலில் தண்டு முறிந்தால் கப்பலின் கதி என்னாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஹாம்பர்க் நகரின் புளோம் உண்டு ஃபோஸ் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபிராம், ஓடும் கப்பல்களின் தண்டுகளிலேயே முறுக்கத்தை அளந்து, 1902-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒத்ததிர்வு நிகழும் வேகத்தில் தண்டு ஏற்கும் முறுக்கம், கணக்கில் கொண்ட அளவைவிடப் பன்மடங்கு மிகுவதை அவ்வளவீடுகள் காட்டின. அதுவரை ஐயமாக இருந்தது அன்று முதல் அளவாயிற்று.

ஃபிராம் அத்தோடு நிற்கவில்லை. நடுங்கும் பொருளோடு, அதே தாளத்துக்கு இசைவிக்கப்பட்ட ஒரு சிறு எடையை வில்லின் வழியே இணைத்தால், அச்சிறு எடை எதிராக ஆடிப் பெரியதன் ஆட்டத்தை அடக்கும் என்று கண்டு, 1909-இல் காப்புரிமை கோரினார். அவர் கண்ட சிறு எடை ஒரே தாளத்துக்கு உரியது. வேகம் மாறிக்கொண்டே இருக்கும் காருக்கு அது மட்டும் போதாது. ஆயினும் பின்னாளில் எழுந்த கட்டடத்துக்கு அது ஒரு தூணாயிற்று.

லாங்கெஸ்டர் என்னும் பன்முக அறிஞர்

மற்றொரு தூணை நாட்டியவர் ஃபிரெடெரிக் வில்லியம் லாங்கெஸ்டர். 1868-இல் இலண்டனில் பிறந்த இவர், இங்கிலாந்தில் முதன்முதலாகப் பெட்ரோல் கார் உருவாக்கியவர்களுள் ஒருவர். வட்டுத் தடைக்கு 1902-லேயே காப்புரிமை பெற்றார். வானூர்தியின் இறக்கை எவ்வாறு தூக்கு விசை பெறுகின்றது என்பதைச் சுழல்களின் வழியே விளக்கி 1907-இல் நூல் எழுதினார். வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் நானூறுக்கும் மேற்பட்டவை.

1909-இல் லாங்கெஸ்டர், டெய்ம்லர் நிறுவனத்தின் ஆலோசகரானார். அந்நிறுவனம் வழக்கமான வால்வுகளுக்குப் பதிலாக வழுக்கும் உறைகளைக் கொண்ட நைட் வகை எந்திரத்தை ஏற்றிருந்தது. அமைதியான ஓட்டமே அதன் பெருமை. ஆயின் ஆறு சிலிண்டர் வகையில் வளைதண்டின் நடுக்கம் அப்பெருமையைக் குலைத்தது. லாங்கெஸ்டர் அதற்குக் கண்ட மருந்து எளிது. அதன் பின்னிருந்த சிந்தனை ஆழமானது. பல மெல்லிய வட்டுகளை அடுக்கி, ஒன்றுவிட்டொன்றைத் தண்டோடும் மற்றவற்றைத் தண்டின்மீது தடையின்றிச் சுழலும் கனத்த சக்கரத்தோடும் இணைத்தார். வட்டுகளின் இடையே எண்ணெய் நின்றது. தண்டு சீராகச் சுழலும்வரை சக்கரமும் உடன் சுழலும். தண்டு நடுங்கினால் சக்கரம் தன் சீரான வேகத்தை விடாது. இரண்டுக்கும் இடையே அகப்பட்ட எண்ணெய் பிசையப்பட்டு, நடுக்கத்தின் ஆற்றலை வெப்பமாக்கும். எந்த வேகத்தில் நடுக்கம் எழுந்தாலும் இம்மருந்து வேலை செய்தது. 1910-இல் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது.

முதலில் கண்டவர் ராய்ஸா, லாங்கெஸ்டரா என்ற வழக்கு இன்றும் ஆர்வலரிடையே ஓய்ந்தபாடில்லை. தம் வண்டியைக் காக்கப் பட்டறையில் போராடி உராய்வுச் சக்கரத்தை அடைந்தவர் ராய்ஸ். நடுக்கத்தின் காரணத்தை அறிந்து, கொள்கையாக வகுத்து, பிறரும் பயன்படுத்தும் வண்ணம் எழுதிவைத்தவர் லாங்கெஸ்டர். ஒரே நோய் இரு மருத்துவரைச் சிந்திக்க வைத்தது என்று கொள்வதே நடுவுநிலையாகும். இன்றைய பொறியியல் பாடநூல்கள் உராய்வாலோ பாகுத்தன்மையாலோ இயங்கும் இவ்வகையை ‘லாங்கெஸ்டர் அதிர்வடக்கி’ என்றே அழைக்கின்றன.

புகழ் வந்த அளவுக்குப் பொருள் வரவில்லை. 1922-இல் அவர் அரசக் கழகத்தின் உறுப்பினரானார். 1931-இல் குகன்ஹைம் பதக்கம் பெற்றார். 1945-இல் ஜேம்ஸ் வாட் பதக்கமும் வந்தது. ஆயினும் நோயும் பார்வைக் குறைவும் வறுமையும் சூழ்ந்த முதுமையில், 1946-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் பர்மிங்காமில் மறைந்தார். கோவென்ட்ரிப் பல்கலைக்கழக நூலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. உலகின் எந்திரங்களுக்கு நடுக்கம் தீர்த்தவருக்குத் தம் முதுமையின் தளர்ச்சியைத் தீர்ப்பார் இல்லாமற் போனது வரலாற்றின் முரண்.

ஒரு பெயர், இரு பொருள்

‘ஹார்மோனிக் பேலன்சர்’ என்னும் பெயர் பற்றி ஒரு விளக்கம் வேண்டும். நான்கு சிலிண்டர் எந்திரத்தில் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கம் முழுமையாகச் சமன்படுவதில்லை. சுற்றுக்கு இருமுறை எந்திரம் முழுவதும் மேலும் கீழும் குலுங்கும். அதனை அடக்க, எந்திரத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் இரு எடைகளையும் லாங்கெஸ்டரே வகுத்தளித்தார். 1922-இல் வந்த வாக்ஸ்ஹால் 23/60 வகைக் காரில் அது இடம்பெற்றது; ‘லாங்கெஸ்டர் ஹார்மோனிக் பேலன்சர்’ என்பது முதலில் அதற்கு வழங்கிய பெயர். ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த அக்கருத்தை 1970-களில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் மேம்படுத்தி மீண்டும் உலகுக்குக் காட்டியது.

அமெரிக்கப் பட்டறைகளிலோ அதே பெயர் வளைதண்டின் முனையிலுள்ள முறுக்கு அதிர்வடக்கியைக் குறிக்கலாயிற்று. ஒன்று எந்திரத்தின் குலுக்கத்தைச் சமன்செய்வது. மற்றொன்று தண்டின் நெளிவை விழுங்குவது. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. பழைய எந்திரத்தைச் செப்பனிடக் கையேட்டைப் புரட்டுபவர், எந்த நாட்டு ஏடு, எந்தக் காலத்து வழக்கு என்று பார்த்தே பொருள்கொள்ள வேண்டும்.

வானில் வந்த இடரும் கணக்கில் வந்த தெளிவும்

1929-ஆம் ஆண்டு மே மாதம் ‘கிராஃப் செப்பலின்’ என்னும் ஜெர்மானிய வான்கப்பல் பயணிகளோடு அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்டது. ஸ்பெயின் நாட்டுக் கரையை ஒட்டிச் செல்லுகையில் எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. வளைதண்டுகள் முறிந்திருந்தன. ஐந்து எந்திரங்களுள் நான்கை இழந்து, காற்றோடு போராடி, பிரான்சு நாட்டின் தூலோன் அருகிலுள்ள குவேர் என்னுமிடத்தில் அது தரையிறங்கியது. முறுக்கு அதிர்வே கேட்டின் மூலம் என்று அறியப்பட்டது. குறை நீக்கப்பட்ட அதே கப்பல், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே உலகைச் சுற்றிவரும் பயணத்தைத் தொடங்கி முடித்தது. பல உயிர்களைச் சுமந்து செல்லும் கலத்தின் விதி, கண்ணுக்குத் தெரியாத ஒரு நெளிவில் தொங்கியதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

கண்டறிந்த மருந்துகளைக் கணக்கின் துணையோடு ஒன்றாக்கிய பெருமை இருவரைச் சாரும். ஒருவர் ஜெஸ்ஸி ஆர்மன்ராய்ட்; மற்றவர் ஜேக்கப் பீட்டர் டென் ஹார்டாக். டென் ஹார்டாக் 1901-இல் ஜாவாத் தீவின் அம்பராவா என்னும் ஊரில் பிறந்தவர். நெதர்லாந்தில் பயின்று அமெரிக்கா சென்றவர். இருவரும் இணைந்து 1928-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபிராமின் இசைவித்த எடையோடு லாங்கெஸ்டரின் ஆற்றல் விழுங்கும் தன்மையையும் தக்க அளவில் சேர்த்தால், பல வேகங்களிலும் அதிர்வை அடக்கலாம் என்று நிறுவினர். வில் வேண்டும், அவ்வில்லே ஆற்றலை விழுங்கவும் வேண்டும். இவ்விரு குணமும் ஒருங்கே வாய்ந்த பொருள் ஒன்று உண்டா என்பதே அடுத்த வினாவாயிற்று.

பால்மரம் தந்த விடை

அத்தகைய பொருள் ரப்பர். இழுத்தால் வில்போல் மீளும். பிசைந்தால் ஆற்றலை வெப்பமாக்கும். ரப்பரை உலோகத்தோடு பிரிக்க முடியாதபடி ஒட்டும் கலை முதிர்ந்ததும், 1930-களில் புதுவகைப் பேலன்சர் பரவலாயிற்று. தண்டில் பொருந்தும் நடுக்குடம் ஒன்று. அதனைச் சூழும் கனத்த புறவளையம் ஒன்று. இரண்டுக்கும் இடையே விரற்கிடையினும் மெல்லிய ரப்பர்ப் பட்டை. வட்டுகள் இல்லை, வில்கள் இல்லை, எண்ணெயும் இல்லை. செய்வதற்கு எளிது, விலையும் குறைவு. செல்வர் ஊர்ந்த வண்டிக்கு மட்டும் உரியதாயிருந்த அமைதி எளியவர் வண்டிக்கும் வந்தது.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? 1877-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டு பரப்பினார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் வணிகத் தோட்டத்தை அமைத்தார். அடுத்த தலைமுறைக்குள் உலக ரப்பரின் பெரும்பகுதியை மலாயா தரலாயிற்று. அத்தோட்டங்களில் விடியுமுன் விளக்கேந்திப் பால்வெட்டச் சென்றவருள் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். அவர் கோப்பையில் சொட்டிய பால் கடல் கடந்து டயராகவும் குழாயாகவும் மாறியது; ஒரு சிறு பகுதி எந்திரத்தின் முனையில் நடுக்கம் விழுங்கும் பட்டையாகவும் அமர்ந்தது. உலகச் சந்தையில் கலந்த பின் எந்தத் தோட்டத்துப் பால் என்பதற்கு அடையாளம் ஏது? கண்டறிந்தவர் பெயரைக் காப்புரிமை ஏடு காத்தது. பால்வெட்டியவர் பெயரை எந்த ஏடும் காக்கவில்லை.

1942-இல் மலாயா ஜப்பானியர் வசமானதும் அமெரிக்காவுக்குச் சென்ற இயற்கை ரப்பர் நின்றது. செயற்கை ரப்பர் பெருவளர்ச்சி கண்டது. எண்ணெயையும் வெப்பத்தையும் நன்கு தாங்கும் செயற்கை வகைகள் போருக்குப் பின் பேலன்சரிலும் இடம்பிடித்தன. பளுவான டீசல் எந்திரங்களுக்கு, மூடிய பெட்டிக்குள் கெட்டியான சிலிக்கோன் திரவத்தில் சுழலும் வளையம் வந்தது. அது லாங்கெஸ்டரின் பழைய எண்ணெய்ச் சக்கரத்தின் மறுபிறவியே.

மூப்பும் மருத்துவமும்

இரும்பு துருப்பிடிப்பதைக் கண்ணால் காணலாம்; ரப்பரின் மூப்பு மெல்ல வருவது. எண்ணெய்க் கசிவும் எந்திரத்தின் சூடும் காற்றிலுள்ள ஓசோனும் அதனை வெடிக்கச் செய்கின்றன, இறுக்குகின்றன, சிலவேளை இளக்கிப் பிதுக்குகின்றன. புறவளையம் நடுக்குடத்தின்மீது மெல்ல நழுவத் தொடங்கும். பல எந்திரங்களில் தீப்பொறிக் காலத்தைக் காட்டும் குறி அப்புறவளையத்தின்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். வளையம் நழுவினால் குறியும் இடம்மாறும். அதனை நம்பி எந்திரத்தைச் சரிசெய்பவர், சரியாயிருந்ததையும் கெடுத்துவிடுவார். பொய்யான குறி, குறியே இல்லாமையினும் கொடிது.

ஆகவே தேர்ந்த மெக்கானிக் முதலில் குறியைச் சோதிப்பார். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியை எட்டும் நிலையை நேரடியாகக் கண்டு, அக்கணத்தில் குறி உரிய இடத்தில் நிற்கின்றதா என்று ஒப்பிடுவார். நடுக்குடத்திலிருந்து புறவளையம்வரை ஒரே கோடாகச் சாயம் தீட்டி, சில நாள் ஓட்டிய பின் கோடு முறிந்திருக்கின்றதா என்று நோக்குவதும் உண்டு. வளையம் சுழலுகையில் தள்ளாடினாலும், ரப்பர் பிதுங்கியிருந்தாலும், மாற்றுவதைத் தள்ளிப்போடலாகாது.

கழற்றுவதிலும் முறை உண்டு. நடுக்குடத்திலுள்ள திருகு துளைகளில் பிடித்து இழுக்கும் புல்லர் என்னும் கருவியே ஏற்றது. புறவளையத்தின் விளிம்பில் கொக்கியிட்டு இழுத்தால் ரப்பர் கிழியும். புதியதைச் சம்மட்டியால் அடித்து ஏற்றினால், அவ்வடி தண்டின் பக்கத் தாங்கியைச் சென்று தாக்கும். திருகாணிக் கருவியால் சிறிது சிறிதாக அழுத்தி ஏற்றுவதே அறிவுடைமை. எண்ணெய்த் தடுப்பு வளையம் உராய்ந்து நடுக்குடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், மெல்லிய எஃகு உறை ஒன்றை அதன்மேல் ஏற்றி, வழுவழுப்பை மீட்கலாம்.

புது உறுப்புக் கிடைக்காத பழைய வண்டிகளுக்கு மற்றொரு வழியுண்டு. குடத்தையும் வளையத்தையும் பிரித்து, பழைய ரப்பரைச் சுரண்டி நீக்கி, புதிய ரப்பரை இட்டுப் பதப்படுத்தி மீண்டும் பிணைக்கும் கைவினைஞர் சில நாடுகளில் உள்ளனர். அங்கே எடையும் ரப்பரின் கடினமும் பழைய அளவிலேயே அமைய வேண்டும். வேறு கடினமுள்ள ரப்பர் வேறொரு தாளத்துக்கு உரியதாகிவிடும். வீணைக்குத் தந்தி மாற்றுபவர் பருமன் பார்த்து மாற்றுவது போன்றதே இது.

ரப்பருக்கு முந்திய உராய்வு வகையில் நோய் வேறு. பல்லாண்டு நின்ற எந்திரத்தில் பழைய எண்ணெய் பிசினாய் இறுகி, வழுக்கவேண்டிய சக்கரத்தைத் தண்டோடு ஒட்டிவிடும். அப்பொழுது அது அதிர்வடக்கியாக இராமல் தண்டின் முனையில் தொங்கும் வெறுஞ்சுமையாகின்றது. சுமை கூடியதால் தண்டின் இயல்பதிர்வு தாழ்ந்து, முன்பு எட்டாத் தொலைவிலிருந்த ஆபத்து வேகம் அன்றாட ஓட்டத்துக்குள் வந்துவிடும். மருந்தே நஞ்சாகும் நிலை இது. அதனைக் கழற்றி, கழுவி, உரிய இழுவையில் வழுக்குகின்றதா என்று நெம்புகோலும் எடையும் கொண்டு சோதித்தே மீண்டும் பூட்டுவர்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கருதி, பேலன்சரை நீக்கிவிட்டு வெறும் கப்பியை மாட்டி ஓட்டுவோரும் உண்டு. வண்டி ஓடும், முதல் நாள் எவ்வேறுபாடும் தெரியாது. எஃகு தன் களைப்பை யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. தண்டு முறிந்த பின் வருந்திப் பயனில்லை. செய்த நிறுவனமே மறைந்துபோன வண்டிக்கு மாற்றுத் தண்டு கிடைப்பது அரிது. எஃகுக் கட்டியிலிருந்து புதிதாகக் கடைந்தெடுக்கும் செலவு சிலவேளை வண்டியின் விலையையே எட்டும். பத்து விரலுக்குள் அடங்கும் ரப்பர்ப் பட்டையை உரிய காலத்தில் மாற்றாததன் விலை அது.

நிறைவாக

நேப்பியரின் கடகடப்பை எட்ஜ் புகழாக மாற்றினார். ராய்ஸ் தம் வண்டியின் முறிவைப் பாடமாக ஏற்றார். ஃபிராம் அளந்தார், லாங்கெஸ்டர் விளக்கினார், டென் ஹார்டாக்கும் ஆர்மன்ராய்டும் கணக்கிட்டனர், பால்மரமும் பால்வெட்டியவரும் பொருள் தந்தனர். இத்தனை பேரின் உழைப்பு ஒரு வளையத்தில் திரண்டு, முன்மூடியின் இருளில் சுழல்கின்றது. அது நன்றாகப் பணியாற்றும்வரை அதன் இருப்பையே எவரும் உணர்வதில்லை.

பழைய எந்திரத்தைத் திறந்து, வெடித்த ரப்பரைத் துடைத்துப் பார்க்கும் கை, ஒரு பொருளை மட்டும் பழுதுபார்ப்பதில்லை. குறையை ஒப்புக்கொண்டு அதன் காரணத்தைத் தேடிய ஒரு மரபின் தொடர்ச்சியையும் அக்கை காக்கின்றது. நடுங்காத இரும்பு உலகில் இல்லை. அதன் நடுக்கத்தை மறைத்தவரின் சொல் காற்றோடு போயிற்று. அளந்து அறிந்தவரின் செயல் இன்றும் சுழல்கின்றது.